டபுள் பேஸை நான் கொடுக்கவில்லை

டேய் கௌதம்,

நான் அனுப்பும் குரல் பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ இங்கே இருந்தபோது ஒருநாள் உன் அறையைக் கடந்து போகையில் நானே கேட்டேன். என் குரல் அணில் கத்துவதுபோல் வந்துகொண்டிருந்தது. நீயோ அதைப் பாதி கேட்டும் கேட்காமலும் "ம், ஓகேம்மா" என்று பதில் தட்டிக்கொண்டிருந்தாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. அதிலும் தமிழ் எழுத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தரதரவென்று தமிழ் வகுப்புக்கு இழுத்துப் போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும்.

போன வியாழக்கிழமை காலையில் நான் கிளினிக் லேபில் ரத்த மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது உன் செய்தி வந்தது. "அம்மா, ஹால்ல இருக்கற டபுள் பேஸ எடுக்க சனிக்கிழமை ஒருத்தர் வருவார். எல்லாம் பேசியாச்சு. குடுத்துடு. தேங்க்ஸ்மா." கடைசியில் கும்பிடுகிற கை இரண்டு. அவ்வளவுதான். நீ அமெரிக்காவுக்குப் போய் இத்தனை வாரம் ஆகிறது. சாப்பிட்டாயா, அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு வாத்தியத்தைத் தூக்கிக் கொடு என்று மட்டும் உத்தரவு. அந்த ஆள் வந்தார். நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுநடுவே கோபம் வரும். வந்தால் வரட்டும், பொறுத்துக்கொண்டு படி.

உன் சங்கீதத்தைப் பற்றி நான் என்றைக்காவது தடை சொல்லியிருக்கிறேனா? திட்டியிருக்கிறேன், அது வேறு. துபாய் தேராவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அப்பாவுக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம், அம்மாவுக்குப் புதுக்கோட்டை. இவனுக்கு எங்கிருந்து வந்தது அமெரிக்க மலைநாட்டுக் கிராமத்துப் பாட்டின் மேல் இப்படி ஒரு பைத்தியம் என்று நானும் உங்கப்பாவும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். கஞ்சிராவுக்கு நீளக் கழுத்து வைத்ததுபோல் இருக்கும் அந்த பாஞ்சோவை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றுதான் கேட்டேன். நீ மூக்கால் பாடுவாய். பாட்டில் எப்போதும் ஒரு ரயில் போகும், ஒருவன் ஜெயிலில் இருப்பான், ஒருத்தி ஆற்றில் விழுந்து செத்திருப்பாள். இந்தப் பாட்டிலெல்லாம் யாராவது உயிரோடு வீடு திரும்புவார்களா என்று கேட்டால், "அம்மா, இது பழசும் புதுசும் கலந்த மியூசிக், உனக்குப் புரியாது" என்பாய். பழைய சோற்றில் கெட்சப் ஊற்றினாலும் பழசும் புதுசும் கலந்ததுதான் என்று நான் சொல்வேன். உங்கப்பா சிரித்துக்கொண்டே உன் பக்கம் சேர்ந்துகொள்வார். இந்த வீட்டில் எப்போதும் ஓட்டு இரண்டுக்கு ஒன்றுதான்.

உங்கப்பா சேர்ந்தது வெறும் பேச்சில் மட்டுமா? மசாலாக் கம்பெனியின் டெலிவரி வேனை ஓட்டுகிற மனிதர், முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, வார விடுமுறை நாளெல்லாம் உங்கள் வாத்தியங்களை அந்த வேனில் ஏற்றிக்கொண்டு துபாய், அபுதாபி என்று அலைந்தார். உங்கள் குழுவின் எல்லாப் பெட்டிகளிலும் மல்லித்தூள் வாசனை. பிடில் வாசிக்கிற ராய் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அமெரிக்காக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர். தன் ஊர்ப் பாட்டை அப்படியே பிசகாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். கிட்டார் வாசிக்கிற திருச்சூர்ப் பையன் ஷிபு, லேப்டாப்பில் தட்டித் தாளம் போட்டு அதை இன்றைய பாட்டாக்க வேண்டும் என்பான். நடுவில் நீ. உங்கள் மூன்று பேர் சண்டையையும் கேட்டுக்கொண்டே எத்தனை மாலைகளில் நான் கீரை ஆய்ந்திருக்கிறேன்.

நாலாவது ஆள் மாரிசெல். பிலிப்பைன்ஸ் பெண். அல் ரிக்காவில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் வேலை. அவளை நீ கூட்டி வந்தபோது டபுள் பேஸும் கூடவே வந்தது. துபாயைக் காலி செய்துகொண்டு போன ஏதோ ஒரு குடும்பத்திடம் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து வாங்கினீர்களாம். அவள் இருப்பது பெட் ஸ்பேஸில். ஒரே அறையில் ஆறு பெண்கள், கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை. அதற்குள் ஆறடி வாத்தியத்தை அவள் எங்கே நிறுத்துவாள்? "ஒரே ஒரு வாரம்மா" என்றாய். மூன்று வருஷமாக அது நம் ஹாலில் நிற்கிறது. சோபாவை ஜன்னலோடு ஒட்டிப் போட்டோம். டிவியைப் பக்கவாட்டில் திருப்பினோம். ஏசி காற்று பட்டால் மரம் வெடிக்குமாம். அதற்குப் பக்கத்தில் ஈரத்துணி வை, கதவைச் சாத்து, ஏசியைக் கூட்டாதே, குறைக்காதே என்று எனக்குப் பாடம் எடுத்தாய். எனக்குத் தலைவலி என்றால் ஒரு காபி போட்டுத் தராதவன் நீ! அதை லிஃப்டில் ஏற்றினால் வேறு யாரும் ஏற முடியாது. மேல்மாடியில் இருக்கிற பாகிஸ்தான்காரப் பெரியவர் ஒருநாள் பொறுமை இழந்து, "பாபி, யே மெஹ்மான் கப் ஜாயேகா?" என்று கேட்டார். இந்த விருந்தாளி எப்போது போவார் என்று நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், யார் பதில் சொன்னார்கள்?

வாத்தியம் இங்கே இருந்ததால் மாரிசெலும் இங்கேயே வந்துவிட்டாள். டூட்டி முடிந்ததும் யூனிஃபார்மோடு வருவாள். செருப்பை வாசலில் விட்டு, முகம் கழுவி, நான் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுப் போவாள். என்னை "டீட்டா" என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதானாம். எதிர்வீட்டு ஜெயந்தி சும்மா இருப்பாளா? "என்னக்கா, வருங்கால மருமகளா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்டால் மழுப்புவாய் என்பதால் அவளையே நேராகக் கேட்டேன். இங்கிதம் இல்லாமல்தான் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள். போனை எடுத்து ஒரு பெண் குழந்தையின் படத்தைக் காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லாத குழந்தை. "என் மகள், டீட்டா. ஊர்ல என் அம்மாகிட்ட வளர்றா. கௌதம் எனக்குத் தம்பி மாதிரி. ரொம்ப சத்தம் போடுற தம்பி" என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டில் இரண்டு உளுந்த வடையை வைத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருகிறேன். சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலில் காத்துக்கொண்டிருக்கிற பாட்டு. அதைத்தான் அமெரிக்காவில் யாரோ இணையத்தில் கேட்டுவிட்டு உங்களைத் திருவிழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். அது எப்படி உருவானது என்பதற்கு நான் சாட்சி. ராய் அதைத் தன் ஊர் வழக்கப்படி ஓட்டமும் குதியுமாக வாசித்தார். ஷிபு அதற்குக் கீழே லேப்டாப் தாளத்தை வைத்தான். துவைக்கிற மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. நீ கத்தினாய். ராய் பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். யாரும் யாரோடும் பேசாமல் இருந்த நேரத்தில் மாரிசெல் மட்டும் அதே பாட்டைத் தன்பாட்டுக்கு மெதுவாக, நடக்கிற நடையில் வாசித்தாள். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நின்றாள். நான் அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்; என் கத்தியும் நின்றுவிட்டது. உன் பாட்டு எதுவும் அதுவரை எனக்கு மனசில் ஏறியதில்லை, அன்றைக்கு அந்தப் பெண்பிள்ளை வாசலில் நிற்பது தெரிந்தது. ராய் மெல்லப் பெட்டியைத் திறந்தார். ஷிபு தாளத்தைப் பாதியாகக் குறைத்தான். நீ அதற்குமேல் பாடினாய். பழசும் புதுசும் கலப்பது என்று நீ வாய் கிழியப் பேசினாயே, அது அன்றுதான் நடந்தது. கலந்தது யார்?

அழைப்பு வந்தது. ராய்க்கு அது சொந்த நாடு, உனக்கும் ஷிபுவுக்கும் விசா கிடைத்தது, அவளுக்கு மறுத்துவிட்டார்கள். அது உன் குற்றம் இல்லை. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து வாசல் திறப்பதும் மூடுவதும் இந்த ஊரில் இருக்கிற நமக்குப் புதிதா என்ன? அன்றைக்கு நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்து பேசினீர்கள். "நீங்க போங்க, நான் ஓகே. மூணு பேரா வாசிங்க, அதுவும் நல்லா இருக்கும்" என்று அவள்தான் சொன்னாள். நீ அவளைக் கட்டிப்பிடித்தாய். எனக்கும் கண் கலங்கியது. நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்புகிற அன்று அவள் டூட்டியை மாற்றிப்போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்தாள், உனக்கு முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு.

நீ போன பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. நீங்கள் திரும்பி வரும்போது விரல் மறந்துவிடக் கூடாதாம். கௌதம், ஒரு பாட்டின் பேஸை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறாயா? பாட்டு இல்லை, பிடில் இல்லை, உன் மூக்குக் குரல் இல்லை. டும் என்று ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு டும். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரோ பக்கத்து வீட்டில் சாமான் நகர்த்துவதுபோல் ஒரு சத்தம். பிறகு எனக்கே தெரியாமல், இது ரயில் பாட்டு, இது ஜெயில் பாட்டு என்று அடையாளம் தெரிய ஆரம்பித்தது. உங்கப்பா குளித்துவிட்டு வரும்போது அந்த அடிக்கு நீ பாடுகிற வரியை முணுமுணுத்துக்கொண்டே வருவார், சொல் எல்லாம் தப்பும் தவறுமாக. மாரிசெல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிப்பாள்.

அப்படி ஒரு மாலையில்தான் உங்கள் கச்சேரியை நேரலையில் காட்டுகிறார்கள் என்று ஷிபு லிங்க் அனுப்பினான். நான்தான் கூப்பிட்டேன், "வா, வா, நம்ம பிள்ளைகள பார்ப்போம்" என்று. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனை என் கையில் பிடித்திருந்தேன். பெரிய புல்வெளி, அங்கே காலை வெயில், ஜனம். நீ வந்தாய், ராய் வந்தார், ஷிபு வந்தான். பின்னால் தாடி வைத்த ஒருவன் டபுள் பேஸோடு வந்து நின்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அங்கே இருக்கிற யாரோ மேடை ஆள் என்று நினைத்தேன். அவன் வாசிக்க ஆரம்பித்தான். அவள் வாசித்ததை அப்படியே, அந்த நிறுத்தத்தோடு வாசித்தான். நீ மைக்கில் பேசினாய்: "இந்தப் பாட்டு இந்த வடிவத்துக்கு வந்தது துபாயில், என் அம்மாவின் வீட்டு ஹாலில்." ஜனம் கை தட்டியது. பெருமைப்படுவேன் என்று நினைத்தாயா? என் ஹாலைச் சொன்னாய், என்னைச் சொன்னாய். அதை வாசித்தவள் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள், அவள் பெயரைச் சொல்லவில்லை. போனை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். அணைத்தால் இன்னும் அசிங்கம். பாட்டு முடிகிறவரை இரண்டு பேரும் பார்த்தோம். "அவன் டைமிங் நல்லா இருக்கு, டீட்டா" என்றாள். டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். பேஸுக்கு உறை போட்டு ஜிப்பை இழுத்தாள். போய்விட்டாள்.

அன்றே ராய்க்கு போன் போட்டேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், கோபத்தில் இன்னும் மோசம். "கௌதம் அவளிடம் பேசிவிட்டதாகச் சொன்னானே. அவள் சம்மதித்துவிட்டாள் என்று சொன்னானே" என்றார். ஷிபுவுக்கும் அதே கதைதான். அவளிடம் பேசியாயிற்று என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய், சொல்ல வேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை. நீ பொல்லாதவன் என்று நான் சொல்லவில்லை. பொல்லாதவன் என்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. உனக்குப் பயம். எதிரே இருக்கிறவர் முகம் வாடுவதைப் பார்க்கப் பயம். எட்டாம் வகுப்பில் ஹிந்தி டியூஷன் வேண்டாம் என்று மிஸ்ரா சாரிடம் சொல்ல வாய் வராமல், ஒரு மாதம் முழுக்க அவர் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுவிட்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று அவர் போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இது உங்கப்பா வழியில் வந்த வியாதி. விற்க வந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல்தானே நம் அடுக்களையில் இரண்டு வாட்டர் ஃபில்டர் தொங்குகிறது? ஆனால் அவருடைய பயத்தால் சுவரில்தான் ஓட்டை விழுந்தது. உன்னுடையது ஒரு ஆளின் நெஞ்சில் விழுகிறது. முகம் வாடுவதைப் பார்க்காமல் இருந்துவிட்டால் வாடாது என்று நினைத்துக்கொள்கிறாய். அது வாடுகிறது. நீ பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். என் சோபாவில் அல்லவா உட்கார்ந்து வாடுகிறது?

சனிக்கிழமைக்கு வருகிறேன். பேஸ் எடுக்க வந்தவர் லெபனான்காரர், ஏதோ ஹோட்டலில் வாசிக்கிறவராம், நல்ல மனிதர். ஷார்ஜாவிலிருந்து நண்பரோடு பிக்கப் எடுத்துக்கொண்டு, அந்த நெரிசலில் வந்து சேர்ந்திருக்கிறார். கதவைத் திறந்து, "மாஃபி. பேஸ் இல்லை" என்றேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஹால் நடுவில் அது மலைபோல் நிற்கிறது. "மேடம், இருக்கிறதே" என்றார்.

"இருக்கு. விக்கறதுக்கு இல்ல. கலாஸ், முடிஞ்சுது."

உங்கப்பா பின்னால் நின்று என் முந்தானையை இழுத்தார். "ஏய், பையன் குடுக்கச் சொல்லியிருக்கான்ல? வந்த மனுசன வாசல்ல நிக்க வச்சுக்கிட்டு... என்ன இது?"

"நீங்க சும்மா இருங்க. அவன் சொன்னா எல்லாம் ஆயிடுமா? நாலு பேரு வாங்குனது. ஒருத்தன் எப்புடி விப்பான்?"

"அதுக்கு இவர் என்ன பண்ணுவாரு பாவம்?"

"உள்ள வந்து சாப்டுட்டுப் போகட்டும். பேஸ மட்டும் தொடக் கூடாது."

இப்படி நாங்கள் தமிழில் அடித்துக்கொள்ள, அந்த இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் நிற்க, லிஃப்ட் திறந்து மாரிசெல் வந்தாள். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வழக்கம்போல் யார் சொல்வார்கள்? பேஸைக் கட்டித் தூக்க வந்தவர் கையில் வைத்திருந்த துணிப்பட்டையையும் ஹாலையும் என் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள், புரிந்துகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் பேஸின் உறையைக் கழற்றினாள். அந்த லெபனான்காரரைக் கூப்பிட்டு, கழுத்தும் உடலும் சேர்கிற இடத்தில் பழுது பார்த்திருப்பதையும், மூன்றாவது தந்தி சூட்டில் இறங்கிவிடும் என்பதையும், ஈரத்துணி எங்கே வைக்க வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பெற்ற பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவள்போலச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இட்ஸ் ஓகே, டீட்டா. குடுத்துடுங்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. உன் மேல் இருந்தது, உங்கப்பா மேல் இருந்தது, அந்த விசா ஜன்னல்காரன் மேல் இருந்தது, எல்லாம் சேர்ந்து அவள் மேல் பாய்ந்தது. "என்ன ஓகே? எதுக்கெடுத்தாலும் ஓகே, ஓகே! உன் தலையில ஏறி உட்கார்ந்தாக்கூட ஓகேன்னுதான் சொல்லுவியா? நீ ஓகே ஓகேன்னு சொல்லித்தான் அவன் இப்படிப் பண்ணிட்டுத் திரியறான்!" என்று கத்தினேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் பார்த்ததில்லை. பிறகு பேசினாள். இங்கிலீஷில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. "நான் ஓகே இல்ல, டீட்டா. விசா கிடைக்காதது அவன் தப்பு இல்ல. வேற ஆள் வச்சதும் தப்பு இல்ல, பேஸ் இல்லாம அந்தப் பாட்டு நிக்காது. ஆனா என்கிட்டச் சொல்லியிருக்கலாம். இந்த வருஷமும் அம்மா வர முடியாதுன்னு என் மகள்கிட்ட நான் சொல்றேன். போன்ல அவ முகத்தப் பாத்துக்கிட்டே சொல்றேன். அவ அழுது முடிக்கற வரைக்கும் கட் பண்ணாம பாத்துக்கிட்டே இருக்கேன். சின்னப் பிள்ளைகிட்ட என்னால சொல்ல முடியுதுன்னா, அவனால என்கிட்ட ஏன் சொல்ல முடியல?"

உங்கப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் இன்னும் கொஞ்சம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். உன்னைத்தான் வைதிருக்க வேண்டும், சத்தம் அப்படி இருந்தது. கேட்கவே எனக்கு ஆறுதலாக இருந்தது. வைது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த லெபனான்காரரிடம், "மன்னிக்கணும் சார், இது என்னோட பேஸ். நான் குடுக்கல" என்றாள். அவர் கொஞ்சம் கோபப்பட்டார். படாமல் என்ன செய்வார்? ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கிறாரே. மீன் குழம்பும் சோறும் போட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது, "உங்கள் பையனிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன்" என்றார். பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். நல்லது.

பிரச்சினை இதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கம்பி வாத்தியக் குழுவில் பழக்கமாம். அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து மீட்டுகிற குழு ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும் போல. இவள் பெட் ஸ்பேஸ் அறையிலேயே திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் அப்படி வாசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. ஒருத்திக்கு இரவு ஷிஃப்ட், ஒருத்திக்குப் பகல். செவ்வாய்க்கிழமை மாரிசெல் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருத்தி கையில் பேரிக்காயை நறுக்கியதுபோல் சின்ன வாத்தியம், தந்தி மட்டும் எண்ண முடியாத அளவுக்கு. இன்னொருத்தி கையில் கிட்டார். உன் ரயில் பாட்டையும் அவர்கள் ஊர்க் காதல் பாட்டையும் சேர்த்து ஏதோ செய்கிறார்கள். ஒரு பாண்டு தொலைந்தது, ஹாலில் கால் நீட்டி உட்காரலாம் என்று நினைத்தேன். இப்போது மூன்று பேருக்கு டீ போடுகிறேன். மேல்மாடிப் பெரியவர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போகிறார். உங்கப்பா மறுபடியும் முதலாளியிடம் வேன் கேட்டுவிட்டார். எனக்குத்தான் ஓட்டு எப்போதும் கிடையாதே.

உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ் இனி மாரிசெலுக்கு. ராயும் ஷிபுவும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். நீ திரும்பி வந்து அவர்களோடு வாசிப்பாயா, அவள் உன்னைச் சேர்த்துக்கொள்வாளா என்பதெல்லாம் உங்கள் சமாச்சாரம். நான் அதில் தலையிட மாட்டேன். ஆனால் அடுத்த மேடையில் அந்தப் பாட்டைப் பாடுவதானால் அவள் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டுப் பாடு. என் ஹாலை விட்டுவிடு, அதற்குக் கைதட்டல் தேவையில்லை. நல்ல செய்தி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள்டா. கெட்ட செய்தியை எதிரே உட்கார்ந்து சொல்லி, சொன்ன பிறகும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பவனைத்தான் ஆள் என்று நான் நினைக்கிறேன். உன்னை அப்படி வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் நேரம் இருக்கிறது, வளரு.

இதை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் அனுப்புகிறேன். வீட்டுக்குள் சொன்னால் உனக்கு ஏறுவதில்லை. நாலு பேர் படித்துவிட்டு உன்னைக் கேட்டால் ஏறும். மாரிசெலுக்கு முழுவதையும் இங்கிலீஷில் சொல்லிக் காட்டி அனுமதி வாங்கிவிட்டேன். மகளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றாள், எழுதவில்லை. நேற்று அவளாகவே கேட்டாள்: "கௌதம் கூப்பிட்டானா, டீட்டா?" இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல, பொய்யா சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் தந்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். "கூப்பிட்டா நான் எடுப்பேன். அத மட்டும் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சுமக்கிற கடைசிச் செய்தி இதுதான். இனிமேல் மஞ்சள் மூஞ்சி, கும்பிடுகிற கை எதுவும் என் போனுக்கு வரக் கூடாது. அவள் நம்பர் உன்னிடம் இருக்கிறது. முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு.

உங்கப்பா கீழே ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கராமாவில் ஒரு சின்னக் காபிக் கடையில் இன்று மாலை அந்த மூன்று பெண்களும் முதல்முறையாக வெளியில் வாசிக்கிறார்கள். மாரிசெல் பேஸின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். கழுத்துப் பக்கத்தை நான்தான் பிடிக்க வேண்டுமாம். என் முட்டிவலியைப் பற்றி இந்த வீட்டில் யாருக்குக் கவலை? வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா